கேமுக்காக வாங்கிய பெட்டி

புளூ-ரே ஜெயித்ததற்குப் படத்தின் துல்லியம்தான் காரணம் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கதை வேறு.

2006-இல் மோதிய இரண்டு வட்டுகள், சோனி தரப்பின் புளூ-ரேயும் தோஷிபா தரப்பின் எச்டி டிவிடியும். இரண்டையும் படித்தது ஒரே மாதிரி நீல ஊதா லேசர்தான். ஓர் அடுக்கில் புளூ-ரே 25 ஜிபி கொள்ளும், மற்றது 15 ஜிபி. டிவி முன்னால் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விலைதான் தெரியும். அதில் தோஷிபாவுக்கே சாதகம்: அமெரிக்காவில் அதன் முதல் பிளேயர் 499 டாலர், சாம்சங்கின் முதல் புளூ-ரே பிளேயர் ஏறக்குறைய 1,000 டாலர்.

புது வட்டு எதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. வீடுகளில் பிளேயர் இல்லையென்றால் சினிமா கம்பெனி வட்டு போடாது. கடையில் வட்டு இல்லையென்றால் பிளேயரை யார் வாங்குவார்கள்? கேம் கன்சோல் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். 2000-இல் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் 2-ஐப் பலர் டிவிடி பார்ப்பதற்கென்றே வாங்கினார்கள். கேமும் ஆடலாம், படமும் பார்க்கலாம். சோனி அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3-இன் கேம்களே புளூ-ரே வட்டில்தான் வந்தன. படத்தைப் பற்றி நினைக்காதவர் வீட்டிலும் பிளேயர் போய் உட்கார்ந்துவிட்டது.

போட்டிக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360 அதற்கு ஓராண்டு முன்பே, சாதாரண டிவிடி டிரைவோடு கடைக்கு வந்துவிட்டது. எச்டி டிவிடி வேண்டுமென்றால் 199 டாலர் கொடுத்துத் தனி டிரைவ் வாங்கிப் பக்கத்தில் மாட்ட வேண்டும். அதில் படம் மட்டும்தான் ஓடும், கேம் கிடையாது. ஆகவே படப்பிரியர்கள் மட்டுமே அதை வாங்கினார்கள். அவர்கள் எப்படியும் ஒரு பிளேயர் வாங்கியிருக்கக்கூடியவர்கள். பெட்டிக்குள்ளேயே இருப்பதும் பக்கத்தில் மாட்டுவதும் ஒன்றல்ல; போட்டியின் முடிவில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பேன்.

அதற்காகக் கன்சோல் இருந்தாலே போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சோனியே தன் கையடக்க பிஎஸ்பிக்காக யுஎம்டி என்ற குட்டி வட்டில் சினிமாப் படங்களை விற்றுப் பார்த்தது. பிஎஸ்பி நன்றாகவே விற்றது, ஆனால் அந்த வட்டை வேறெந்தக் கருவியிலும் போட முடியாது. காசு கொடுத்து வாங்கிய படத்தை வீட்டு டிவியில், குடும்பத்தோடு பார்க்க அப்போது வழியில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே படக் கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. புளூ-ரேக்கோ சாம்சங், பானசோனிக், பயனியர் எனப் பலர் பிளேயர் செய்தார்கள். கன்சோல் முதல் கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்தது.

2008 ஜனவரி 4 அன்று, அதுவரை புளூ-ரே, எச்டி டிவிடி இரண்டிலும் படம் போட்டுவந்த சினிமா கம்பெனியான வார்னர், இனிப் புளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. பிப்ரவரி 19-இல் தோஷிபா விலகிக்கொண்டது.

இந்த வெற்றிக்கு ஆன செலவையும் சொல்லியாக வேண்டும். விலையுயர்ந்த புளூ-ரே டிரைவும் சேர்ந்ததால் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலருக்கு வந்தது. அதுவும் அடக்க விலைக்குக் கீழே. நீல லேசர் உறுப்புகள் போதாமல் ஐரோப்பாவுக்கு 2007 மார்ச்சில்தான் போய்ச் சேர்ந்தது. அந்த மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவுக்கு 23,000 கோடி யென்னுக்கு மேல் நஷ்டம். கேம் மட்டும் ஆட நினைத்தவரும் அந்த டிரைவுக்குச் சேர்த்தே காசு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியே இருக்கவில்லை.