காவலன் உறங்கும் வீடு

மாற்றுச் சிறுநீரகம் பெற்று வீடு திரும்பிய பெண்ணிடம், "பிழைத்துவிட்டாயம்மா, இனி என்ன கவலை?" என்கிறார்கள் ஊரார். கவலை ஒன்று உண்டு. அதைச் சொல்ல அவள் கூசுகிறாள். கேட்கக் கணவன் கூசுகிறான். நாம் கூசப் போவதில்லை.

1954இல் பாஸ்டன் நகரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். அவர்கள் ஒட்டிப் பிறந்த உருவொற்றுமை போல் ஒரே கருவில் உதித்த இரட்டையர். உடல் அந்த உறுப்பை அந்நியமாகக் கருதவில்லை. மற்றவர்க்கோ, உடலின் காவற்படை புது உறுப்பைப் பகையென்று பாயும். அந்தப் படையை அடக்க நாள்தோறும் மாத்திரை, உறுப்பு உள்ளவரை மாத்திரை!

காவலன் உறங்கினால் கள்வனுக்குக் கொண்டாட்டம் அல்லவா? கருப்பைவாயில் பதுங்கும் எச்.பி.வி. என்னும் வைரஸ் தலைதூக்குகிறது. கருப்பைவாய்ப் புற்றும், பெண்ணுறுப்பின் வெளிப்புறப் புற்றும் இவர்களிடம் மற்றப் பெண்களைவிட மிகுதி. மார்பகப் புற்று அவ்வாறு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனாலும் கட்டி தென்பட்டால் காத்திருக்கலாகாது.

பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தோழர்களே! நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும். செய்ய வேண்டியது வேறு. அறுவைக்கு முன்பே கருப்பைவாய்ச் சோதனையும், வயதுக்கேற்பத் தடுப்பூசியும் குறித்து மருத்துவரைக் கேட்க வேண்டும். படை ஒடுங்கியபின் போடும் ஊசிக்குப் பலன் குறைவு. பிறகு மருத்துவர் குறிக்கும் கெடுவில் தவறாமல் சோதனை. புற்றாக மாறுமுன் கண்டால் எளிதில் அகற்றலாம்.

இந்நாட்டில் உறவினர்க்குச் சிறுநீரகம் தருவோரில் மனைவியும் தாயுமே மிகுதி. பெறுவோரில் ஆண்களே மிகுதி. இது நம் வீடுகளின் கணக்கு! பெறும் வாய்ப்புக் கிட்டிய சில பெண்களையேனும் பாதி வழியில் விடலாமா?

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனை கண்டதும் அதே 1954இல்தான். 2008இல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை வழங்கும் திட்டம் தொடங்கியதும் இதே தமிழகம். இரண்டையும் இணைக்க ஒரு வரி போதும்: உறுப்பு பெற்ற பெண்ணின் மருத்துவ அட்டையில், இரத்தச் சோதனைக்குக் கீழே, கருப்பைவாய்ச் சோதனை என்று அச்சிடுக. இதுவே நம் கோரிக்கை.

அதுவரை ஆலைத் தோழர்கள் அரைநாள் விடுப்பெடுத்து வீட்டம்மாவுடன் செல்லட்டும். அரசு மருத்துவமனையில் இச்சோதனைக்குக் காசு கேட்பதில்லை.