ஊரை விட்டுப் போன பாட்டுக்காரர்கள்

கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறவர்கள் வரிக்குப் பயந்து நாட்டையே விட்டுப் போவார்களா? போயிருக்கிறார்கள்!

1971-ல் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு, வரி பாக்கியும் சேர்ந்து கழுத்தை நெரிக்க, தென் பிரான்சுக்குக் குடிபோனது. கீத் ரிச்சர்ட்ஸ் அங்கே வாடகைக்கு எடுத்த பங்களாவின் நிலவறையில் பதிவான பாட்டுகள் 1972-ல் இசைத்தட்டாக வந்தன. 1976-ல் டேவிட் போவி சுவிட்சர்லாந்து போனார்.

பிரிட்டனில் அப்போது உச்ச வரி அவ்வளவு! 1974-ல் உழைத்த வருமானத்துக்கு 83 சதவீதம். வட்டி, டிவிடெண்டுக்கு 98 சதவீதம். 'நூறு பவுண்டில் இரண்டுதான் மிச்சமா?'ன்னு நானும் வாயைப் பிளந்தேன். அப்படியில்லை. வரி என்பது படிக்கட்டு மாதிரி. உச்சப்படிக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும்தான் அந்த விகிதம், கீழ்ப்படிகளுக்குக் குறைவு. 1979-ல் உச்ச விகிதத்தை 60 ஆகக் குறைத்தார்கள்.

சரி, ஊர் மாறினால் வரி எப்படிக் குறையும்? அங்கே வரி பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைப் பார்க்கிறது. வெளியே குடியிருப்பவரின் வெளிநாட்டு வருமானத்தை அது எட்டாது.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் உதவித்தொகை யாரோ கட்டிய வரி. கூலி வேலை செய்யும் அப்பா சோப்பு வாங்கினாலும் விலையிலேயே வரி இருக்கு. அதுக்காக அவர் பிரான்சுக்கா போக முடியும்?

நாளை நாமும் சம்பாதிப்போம். வரி அதிகம்னு தோன்றினால் இங்கேயே இருந்து வாதாடுவோம், ஓட வேண்டாம்!