புள்ளலூர்ப் போர்க்களமும் அதனைப் பேணும் முறையும்

ஊரின் பொதுச் சொத்து யாது என வினவினால், ஏரியையும் மந்தைவெளியையும் சாவடியையும் பஞ்சாயத்து அங்கத்தினர் உடனே எடுத்துரைப்பர். காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூருக்கோ இவற்றோடு மற்றொரு செல்வமும் உண்டு. மும்முறை பெரும்படைகள் மோதிய களம் அவ்வூரின் நிலம்.

முதற்போர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. காசாக்குடிச் செப்பேடு, அவன் புள்ளலூரில் தன் பெரும்பகைவரை அழித்தான் என்று கூறுகிறது. பகைவர் பெயரை அது குறிக்கவில்லை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டோ, பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்ததாகப் பேசுகிறது. இரு தரப்பாரும் வெற்றி தமதே என எழுதி வைப்பது அன்றும் வழக்கம் போலும்!

1780 செப்டம்பர் 10 அன்று நடந்ததே யாவரும் அறிந்த போர். காஞ்சியை நோக்கி வந்த கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் இங்கு வளைத்தனர். பெய்லியிடம் இருந்தோர் ஏறத்தாழ 3,800 பேர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்கவே, படை நிலைகுலைந்தது. காஞ்சியில் பெரும்படையுடன் இருந்த ஹெக்டர் மன்றோ உரிய காலத்தில் உதவிக்கு வந்து சேரவில்லை. சிறைப்பட்ட பெய்லி 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். அந்நகரின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இப்போர் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. 1781 ஆகஸ்ட் 27-இல் அதே இடத்தில் ஐர் கூட் ஹைதரை எதிர்த்தார். அதனால் பெரும்பயன் விளையவில்லை. அன்று மாண்ட ஆங்கில அதிகாரிகள் இருவருக்கு அங்கே நினைவுத் தூண்கள் எழுந்தன. கம்பெனிப் படையில் மாண்ட நம் நாட்டுச் சிப்பாய்கள் மிகப்பலர். அவர்களுக்குத் தூண் இல்லை. அவர்களுக்கு நினைவுச்சின்னம் அம்மண்ணே என்று நாம் கருதுகிறோம்.

ஆகவே தூணுக்கு வெள்ளையடிப்பதோடு நம் கடமை தீராது. ஒரு குண்டு எவ்விடத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதைக் கொண்டே, படை நின்ற வரிசையை ஆராய்வோர் கணிக்கின்றனர். இடம் பெயர்ந்த குண்டு வெறும் பழைய இரும்பு. ஏர் உழுவதால் நேரும் சேதம் சிறிது; சவுடு மண்ணை ஆழ வெட்டி லாரியில் ஏற்றுவதாலும், மனைப்பிரிவுக்காக மேட்டைச் சமன் செய்வதாலும் களம் அடியோடு அழிகிறது. பயிர் செய்யும் விவசாயியே களத்தின் முதற்காவலர் எனலாம்.

“பொருள் கிடைத்ததென்று சொன்னால் நிலம் போய்விடுமே” என்ற அச்சம் விவசாயிகளிடம் உண்டு. இதனை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பொருளைத் தெரிவித்தமையாலேயே பட்டா நிலம் பறிபோவதில்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். உரிமையாளர் இல்லாத புதையல் எனத் தீர்ப்பானால், கண்டெடுத்தவருக்கும் நிலச் சொந்தக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. அரசு அதனை எடுத்துக்கொண்டால், மூலப்பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கும். மறைத்தவரோ பங்கை இழப்பதுடன் தண்டனைக்கும் ஆளாவார்.

பழைய போர் நடந்த ஊர்ப் பஞ்சாயத்துகள் களத்தின் சர்வே எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, அங்கு மண்ணெடுக்க எவரேனும் அனுமதி கோரும்போது ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்பலாம். உழும்போது இரும்புக் குண்டு தென்பட்டால் அதனைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தல் கூடாது. உள்ளே மருந்து இருத்தல் கூடும். கிடந்த இடத்தில் ஒரு முளையை அடித்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும்.