ரயில் ஏன் நிற்கிறது? நோயாளி ஏன் காத்திருக்கிறார்?

வெளியூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் வந்திருக்கிறீர்களா? பெட்டி படுக்கையுடன் எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்போது பார்த்து வண்டி பேசின் பிரிட்ஜில் நின்றுவிடும்! பல சமயம் எஞ்சினிலும் கோளாறு இராது. ஓட்டுநர் மேலும் தவறு இராது. சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாகியிருக்காது, அவ்வளவுதான். இப்படி ஓரிடத்துத் தாமதம் வேறோரிடத்தைத் தாக்கும்படி, ஒன்றையொன்று சார்ந்த பல உறுப்புகள் கொண்டதைச் 'சிக்கலான அமைப்பு' என்பார்கள்.

மருத்துவமனையும் அத்தகையதே. பட்டறைத் தொழிலாளி ஒருவரின் காலைத் தகரம் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காயத்தில் கிருமி புகுகிறது. அதை எதிர்க்கும் உடலின் தற்காப்பே சில சமயம் கட்டுமீறி, சொந்த உறுப்புகளைச் சேதப்படுத்துகிறது. இதுவே செப்சிஸ். இரத்தக் குழாய்கள் விரிந்து கசிகின்றன. இரத்த அழுத்தம் வீழ்கிறது. மூளையும் சிறுநீரகமும் ஆக்சிஜன் போதாமல் தவிக்கின்றன. 2017ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் இதன் தொடர்பாக இறந்தனர் என்பது ஒரு மதிப்பீடு.

இங்கே நேரமே உயிர். அழுத்தம் வீழ்ந்தபின் முதல் ஆறு மணி நேரத்தில், கிருமிக்கொல்லி மருந்து தாமதமான ஒவ்வொரு மணிக்கும், நூற்றுக்குச் சராசரியாக 7 அல்லது 8 பேர் வீதம் பிழைப்போர் குறைந்தனர் என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

ஒரு கணக்குப் போடுவோமா? 2008 முதல் தமிழகத்தில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் நம் தொழிலாளியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இனி ஆறு படிகள்: நாடி, அழுத்தம் பார்த்தல், மருத்துவர் சோதித்தல், இரத்தம் எடுத்தல், மருந்து எழுதுதல், அதை வாங்கி வருதல், ஊசி போடுதல். ஒவ்வொன்றுக்கும் வேலை 5 நிமிடம், அதற்குமுன் காத்திருத்தல் 20 நிமிடம் என்றால் மொத்தம் 150 நிமிடம். எல்லாரும் இருமடங்கு வேகமாக உழைத்தாலும் 135 நிமிடம் ஆகும்! காத்திருத்தலைப் பாதியாக்கினாலோ 90 நிமிடமே. தாமதம் ஆட்களிடம் இல்லை, இணைப்புகளில் இருக்கிறது.

ஆகவே தீர்வும் இணைப்புகளில்தான். மருந்தை அவசரப் பிரிவிலேயே வைக்கலாம். மூச்சும் நாடியும் அழுத்தமும் வரம்பு மீறினால் செவிலியரே உடனே அபாய அறிவிப்புத் தரலாம். ஆனால் காய்ச்சல் கண்ட அனைவருக்கும் மருந்து கொடுப்பது தீர்வாகாது. அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும்.

முதல் இணைப்பு வீட்டில் இருக்கிறது. காயமோ காய்ச்சலோ உள்ளவருக்கு மூச்சு வாங்குதல், மனக்குழப்பம், உடல் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்; "செப்சிஸாக இருக்குமோ?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.