சிபேப் கருவி: பழைய, புதிய மாதிரிகள்

சிபேப் என்பது தூக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்களின் மூச்சுப்பாதை அடைபடாதபடி, முகமூடி வழியாக இடைவிடாது காற்றழுத்தம் தரும் கருவி ஆகும். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1980-இல் சிட்னியில் இம்முறையை உருவாக்கினார்.

அடிப்படைச் செயல்பாட்டில் பழையதும் புதியதும் ஒன்றே: ஒரு விசிறி அறைக்காற்றை அழுத்தி அனுப்புகிறது. மருத்துவர் குறித்தது 10 செ.மீ. நீரழுத்தம் என்றால், நல்ல நிலையிலுள்ள பழைய கருவியும் அதையே தரும். புதியவற்றில் தானாக அழுத்தம் மாற்றுதல், சூடேறும் குழாய், கைபேசி இணைப்பு போன்றவை பரவலாக உள்ளன. இவற்றுள் உண்மையில் பயனுள்ளது முகமூடிக் கசிவையும் மூச்சுத்தடை எண்ணிக்கையையும் பதிவு செய்யும் வசதியே, வண்ணத்திரை அன்று. இவ்வசதி பல பழைய மாதிரிகளிலும் நினைவக அட்டை வழியாகக் கிடைக்கிறது.

பழைய கருவியை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது திரும்பப்பெறல் பட்டியல். 2021 சூனில் பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மாதிரிகளைத் திரும்பப் பெற்றது. ஒலியைக் குறைக்க உள்ளே வைக்கப்பட்ட பாலியூரித்தேன் நுரை சிதைந்து, துகள்களும் வேதி ஆவிகளும் சுவாசத்தில் கலக்கக்கூடும் என்பதே காரணம். ஓசோனால் தூய்மை செய்வது இச்சிதைவை விரைவுபடுத்தலாம். எனவே கருவியின் தொடர் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்கலாகாது.

புதியது என்பதும் உறுதிச்சீட்டு அன்று. அத்திரும்பப்பெறலில் அடங்காத ட்ரீம்ஸ்டேஷன் 2 அளவுமீறிச் சூடாவது பற்றி 2023 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எந்தக் கருவியானாலும், முகமூடி, குழாய், வடிகட்டி ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். அழுத்த அளவை மருத்துவரே அமைக்க வேண்டும்.