வெட்கத்துக்கு இடம் தரும் பரிசோதனை

கிழக்குக் கரையோரத்துப் பெண்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வரத் தயங்கினால், பழி உடனே அவர்களுடைய வெட்கத்தின் மீது விழுகிறது. விழிப்புணர்வு போதாது, இன்னும் நாலு கூட்டம் வைப்போம் என்று முடிவாகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹயா என்று அக்கரைப்பற்றும் கல்முனையும் மதித்து வளர்க்கும் ஒரு குணத்தை, கிளினிக் வாசலில் மட்டும் கழற்றி வைக்கச் சொல்வது நியாயமாகாது. மாற வேண்டியது பரிசோதனைதான். இன்று அது முடியக்கூடிய காரியமும்கூட.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் திடீரென வருவதில்லை. உடலுறவால் தொற்றும் எச்.பி.வி. வைரஸ், பெரும்பாலான பெண்களில் இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கும் சிலரில்தான் கருப்பைக் கழுத்தின் கலங்கள் மெல்ல மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டு பிடிக்கும். அதுவரை வலி இராது, வேறு குணங்குறியும் இராது. சுகமாக இருக்கிற எனக்கு எதற்குப் பரிசோதனை என்று கேட்பவருக்கு, சுகமாக இருக்கும்போதுதான் அதனால் முழுப் பலன் என்பதே மறுமொழி. இதற்கு வேதனையான சான்று நியூசிலாந்தில் உண்டு. ஒக்லாந்து நகரின் பெண்கள் மருத்துவமனையில் 1960களின் நடுப்பகுதியிலிருந்து, புற்றுநோய்க்கு முந்திய கடுமையான மாற்றம் கண்ட பெண்கள் பலருக்கு உரிய சிகிச்சை தராமல் கவனித்து மட்டும் வந்தார்கள். 1988இல் விசாரணைக் குழு அதைக் கண்டித்தது. அப்படி விடப்பட்டவர்களில் ஏறத்தாழ 30 வீதமானோருக்கு முப்பது ஆண்டுக்குள் புற்றுநோய் வந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட வரவில்லை. மீதி எழுபது வீதத்தைக் காட்டி, வீணாக ஏன் சிகிச்சை என்று கேட்கலாம். லேசான மாற்றங்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி சரியானது. அவற்றைக் கண்காணித்தாலே போதும். கடுமையான மாற்றத்துக்கும் கருப்பையை எடுக்கத் தேவையில்லை. பலருக்குச் சூட்டுக் கருவியால் அந்த இடத்தை மட்டும் அழித்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

இலங்கையில் 1996 முதல் சுவநாரி என்னும் பெண்கள் நலக் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் பெப் பரிசோதனை இலவசம். நல்ல ஏற்பாடு, ஆனால் பெப் முறை கேட்பது அதிகம்: மேசையில் படுக்க வேண்டும், கருவி செலுத்த வேண்டும், கலங்களைப் பார்த்தறியப் பயிற்சி பெற்ற கண் வேண்டும், முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஒஸ்மனாபாத் மாவட்டத்தில் 52 கிராமத் தொகுதிகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. கலங்களை அல்லாமல் வைரஸையே தேடும் பரிசோதனையை வாழ்நாளில் ஒரே ஒரு தடவை செய்த பெண்களில் இந்நோயால் ஏற்பட்ட மரணம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. பெப் முறையால் அங்கே அவ்வளவு பலன் தெரியவில்லை. வினாகிரியில் உள்ள அமிலத்தைத் தடவி வெண்படலம் தெரிகிறதா என்று பார்க்கும் எளிய முறை திண்டுக்கல்லில் மரணங்களை 35 வீதம் குறைத்தது, ஒஸ்மனாபாத்திலோ பலன் தரவில்லை. பார்ப்பவரின் கண்ணை நம்பிய முறைக்கு இந்தத் தடுமாற்றம் இயல்பு.

வைரஸ் பரிசோதனையின் பெரிய வசதி, மாதிரியைப் பெண்ணே தன் வீட்டில் எடுக்கலாம் என்பது. ஒஸ்மனாபாத்தில் சுகாதாரப் பணியாளர்தானே எடுத்தார்கள் என்று கேட்கலாம். பெண் தானே எடுத்த மாதிரியும், பிசிஆர் முறையில் சோதித்தால், ஏறக்குறைய அதே நுட்பத்துடன் முடிவு தருவதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனமும் 2021இல் இதை ஏற்றுக்கொண்டது. வைரஸ் பரிசோதனை நம் நாட்டுக்குப் புதிதல்ல, களுத்துறை மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகச் செய்து பார்த்ததுதான். அக்கரைப்பற்றில் கலியாணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மாவும் ராத்தாவும் தங்கச்சியும் பக்கத்துப் பக்கத்து வளவுகளில். அந்த வளவுகளுக்கெல்லாம் மிட்வைஃப் ஏற்கனவே போய்வருகிறார். மாதிரி எடுக்கும் ஒரு குச்சியையும் குழாயையும் அவர் கையில் கொடுப்பதற்கு ஊரை மாற்ற வேண்டியதில்லை.

கனமான ஆட்சேபம் வேறொன்று. வைரஸ் உண்டு என்று முடிவு வந்தால் பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பார்களே? இந்தப் பயத்தை அற்பம் என்று தள்ளக் கூடாது, நெருங்கிய வளவுகளில் செய்தி ஒரு பொழுதில் பரவும். ஆனால் இந்த வைரஸ் பல ஆண்டு ஓசையின்றித் தங்கக்கூடியது. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தச் சோதனையும் சொல்லாது. கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்ணுக்கும் அது வரலாம். இதை மாதிரி எடுக்கும் முன்பே சொல்ல வேண்டும். ஆண்களுக்கு ஜும்ஆ மேடையில் சொன்னாலும் தகும். முடிவை அந்தப் பெண்ணிடம் மட்டுமே தனியே சொல்ல வேண்டும்.

தடுப்பூசி வந்துவிட்டதே என்பவர்கள் கணக்குப் பார்க்கட்டும். 2017இல் ஆறாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்கு அது தொடங்கியது. அவர்கள் 35 வயதை எட்ட 2041 ஆகும். அவர்களின் உம்மாமாருக்கு அந்த ஊசி இல்லை.

கல்முனைப் பிராந்திய சுகாதாரப் பணிமனையிடம் கேட்க வேண்டியது, எத்தனை பேரைச் சோதித்தீர்கள் என்பதோடு நிற்கக் கூடாது. வைரஸ் உண்டு என்று வந்தவர்களில் எத்தனை பேர், எத்தனை நாளில், ஒரு பெண் வைத்தியரிடம் சிகிச்சை முடித்தார்கள் என்ற கணக்கும் வேண்டும். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையிலோ அதற்கென ஒரு நாளைக் குறித்த பிறகே முதல் குச்சி வீட்டுக்குப் போக வேண்டும்.