சேட்டையா, உதவி கேட்கும் குரலா?

விடிவதற்குள் கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் மலையேறிவிடும். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் வீடு திரும்ப மாலையாகும். அந்த வீட்டுப் பிள்ளைகள் தாமே எழுந்து, தம்பி தங்கையையும் கிளப்பிப் பள்ளிக்கு அழைத்து வருகிறார்கள். அப்படி வரும் பிள்ளை முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுந்தால், பிரம்பை எடுக்கும் முன் "ராத்திரி தூங்கினாயா, காலையில் சாப்பிட்டாயா?" என்று கேட்க வேண்டும்.

ஒரு நாள் சேட்டை பிரச்சினை ஆகாது. எத்தனை நாளாக, எங்கெல்லாம், எதைத் தொடர்ந்து நடக்கிறது என்பதை ஆசிரியர் தேதியோடு குறித்துவைத்தால் காரணம் பிடிபடும்.

வாயால் சரியாகப் பதில் சொல்லும் பையன் வாசிக்கச் சொன்னால் மட்டும் வம்பு செய்கிறானா? வாசிப்பதைக் கடினமாக்கும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதையும், பலகையைப் பார்த்து எழுதத் திணறும் பிள்ளைக்குக் கண்ணையும் முதலில் சோதிக்க வேண்டும். ஓரிடத்தில் உட்காராத பிள்ளைக்கெல்லாம் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) என்று பெயர் சூட்டக் கூடாது. அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, 6 மாதமாவது நீடித்து, பள்ளியைத் தாண்டி வீட்டிலும் தெரிய வேண்டும். அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர்.

தொந்தரவே தராத பிள்ளைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. கலகலப்பான சிறுமி திடீரென ஒடுங்கிப்போய், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டாலே மிரண்டால் அலட்சியம் கூடாது. பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது.

அடித்துத் திருத்தும் உரிமை யாருக்கும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. 16-ஆவது பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாட்டு வகைகளில் அடங்கும்.

உதவி தொலைவில் இல்லை. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமும் பிள்ளையைக் காட்டலாம். மேல்சிகிச்சைக்குக் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416, கல்வித்துறை உதவிக்கு 14417, குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098.

டிஸ்லெக்சியா உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கோரலாம். அதற்கு மருத்துவச் சான்று வேண்டும் என்பதால், பத்தாம் வகுப்பு வரும் வரை காத்திராமல் பெற்றோர் இப்போதே தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசுவது நல்லது.